பழைய செயின்சா பிராண்டுகள்: எது யாருடையது, எந்தப் பார்ட் எதில் ஏறும்?

மலைச்சாரல் கேட்டது:

ஒரே இடத்தில் ஆறு பழைய மெஷின்கள் மொத்தமாக விலைக்கு வந்திருக்கின்றன. ஜான்செரெட் 2171, டோல்மார் பிஎஸ்-6400, பார்ட்னர் கே650 (இது மரம் அறுப்பதல்ல, கான்கிரீட் கட்டர்), மெக்கல்லக் மேக் 10-10, ஓலியோ-மேக் 956, பெயரே இல்லாத சைனா 58 சிசி ஒன்று. இரண்டில் பிஸ்டன் போயிருக்கிறது, ஒன்றில் கார்புரேட்டரே காணோம்.

ஜான்செரெட்டும் பார்ட்னரும் ஹஸ்க்வர்னாவுக்குள் போய்விட்டன என்றும், டோல்மார் மக்கிட்டாவுக்குப் போய்விட்டது என்றும் கேள்வி. யாரை யார் எப்போது வாங்கினார்கள்? கம்பெனி ஒன்றாகிவிட்டால் பார்ட்ஸும் ஒன்றாகிவிடுமா? எந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும்?

---

டூஸ்ட்ரோக் புகை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கம்பெனி ஒன்றானால் பார்ட் ஒன்றாகாது. மெஷின் வடிவமைக்கப்பட்ட வருஷம் இணைப்புக்கு முன்னாலா பின்னாலா என்று பார்க்க வேண்டும். இணைப்புக்கு முந்தைய மெஷின் தனி ஜாதி. அதன் பிறகு, அதுவும் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வந்ததென்றால், பெரும்பாலும் உள்ளே ஒரே எஞ்சின், மேலே வேறு நிறக் கவர்.

ஸ்வீடன் குடும்பத்தைச் சொல்கிறேன், உங்கள் பட்டியலில் பாதி அங்கேதான் நிற்கிறது. ஹஸ்க்வர்னா 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாக ஆரம்பித்தது. அந்த லோகோவை உற்றுப் பாருங்கள்: துப்பாக்கிக் குழாயை வாய்ப்பக்கமிருந்து, மேலே குறிமுள்ளோடு பார்க்கும் உருவம் அது. பிறகு தையல் மெஷின், சைக்கிள், பைக் என்று போய் 1959இல்தான் முதல் செயின்சாவைச் செய்தார்கள். ஜான்செரெட் யோத்தபோரி நகருக்குப் பக்கத்தில் ஒரு நெசவாலை ஊர். அந்த ஆலைக் கம்பெனி 1954லேயே செயின்சா செய்துவிட்டது. பார்ட்னரும் ஸ்வீடன்தான்.

இந்த மூன்றையும் 1970களின் கடைசியில் எலக்ட்ரோலக்ஸ் வரிசையாக வாங்கியது. ஆமாம், ஃபிரிட்ஜும் வாக்யூம் கிளீனரும் செய்கிற அதே கம்பெனி. கனடாவின் பயனியரும் அதே சமயத்தில் உள்ளே வந்து, பார்ட்னரோடு சேர்ந்து ‘பயனியர் பார்ட்னர்’ என்று சில காலம் விற்றது. 1986இல் அமெரிக்காவின் போலன் சேர்ந்தது. 2006 ஜூனில் எலக்ட்ரோலக்ஸ் இந்த வெளிவேலை மெஷின் பிரிவு முழுவதையும் பிரித்து ‘ஹஸ்க்வர்னா’ என்ற பெயரில் தனிக் கம்பெனியாகப் பங்குச்சந்தையில் போட்டது. அதாவது ஜான்செரெட்டை ஹஸ்க்வர்னா வாங்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டுக்குத் தத்துப்போன பிள்ளைகள். வீட்டைப் பிரித்தபோது மூத்தவன் பெயர் நின்றது.

2171 பற்றி: அது ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பியின் உடன்பிறப்பு. 50 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 36 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்), 70.7 சிசி. சிலிண்டர், பிஸ்டன், கிராங்க், கிளட்ச் எல்லாம் 372 என்று கேட்டே வாங்கலாம். மேல் கவர், ஃபில்டர் பக்கம், கைப்பிடி போன்றவற்றுக்குத்தான் ஜான்செரெட் பெயரில் தேட வேண்டும். 2165 வந்தால் அது பழைய 365, 48 மிமீ போர். கிராங்க் ஒன்றுதான், ஸ்ட்ரோக்கும் ஒன்றுதான். அதனால்தான் 365ஐ 372 சிலிண்டர் போட்டு மாற்றுகிறார்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. 2171க்குப் பிறகு வந்த 2172, ‘எக்ஸ்-டார்க்’ எஞ்சின். அதிலும் பிஸ்டன் 50 மிமீ, அதுவும் 70.7 சிசி. ஆனால் எக்ஸ்-டார்க்கில் எரியாத கலவை வெளியே போகாமலிருக்கத் தனியாகக் காற்று உள்ளே வரும் வழி இருக்கிறது. பிஸ்டனின் பக்கவாட்டில் அதற்கான பள்ளம் வெட்டியிருக்கும், கார்புரேட்டரும் இன்டேக் ரப்பரும் வேறு. பழைய 372 சிலிண்டருக்குள் எக்ஸ்-டார்க் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போய்விடும், ‘சரியாக இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால் போர்ட்டுகள் (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துளைகள்) ஒத்துப்போகாது. விற்பவர் “372 கிட்” (சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த செட்) என்று மட்டும் சொன்னால் எந்த 372 என்று கேளுங்கள். படத்தில் பிஸ்டன் பக்கவாட்டுச் சுவர் வழவழப்பாக இருந்தால் பழையது, ஜன்னல் போலப் பள்ளம் இருந்தால் எக்ஸ்-டார்க்.

கே650: இன்று ஹஸ்க்வர்னா கே770 என்று விற்கிற கட்டருக்குப் பாட்டன். அந்த ‘கே’ பார்ட்னர் வீட்டிலிருந்து வந்த எழுத்து. கே650, கே700 இரண்டும் 71 சிசி. கே750இலிருந்து எஞ்சின் வேறு, 74 சிசி. அதனால் கே750, கே760 சிலிண்டர் கிட்டை இதற்கு வாங்காதீர்கள்.

பார்ட் நம்பரின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த வீடு தெரியும். 501, 503 என்றால் ஹஸ்க்வர்னா. 504 ஜான்செரெட். 506 பார்ட்னர். 530 போலன். 848 என்றால் ஜப்பானின் செனோவா. ஹஸ்க்வர்னா டப்பாவுக்குள் 530இல் தொடங்கும் பார்ட் இருந்தால் அது போலன் வம்சத்து மெஷினுக்கானது. யாரும் ஏமாற்றவில்லை, நம்பர் முறையை அவர்கள் கலைக்கவில்லை, அவ்வளவுதான்.

---

ரம்பப்பல் எழுதியது:

டோல்மார் நம்ம ஏரியா, நான் சொல்றேன்.

எமில் லெர்ப் என்பவர் 1927இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் செயின்சா ஒன்றை ஓட்டிக் காட்டினார். மலைப் பெயரே கம்பெனிப் பெயர். அந்த முதல் மெஷின் ‘டைப் ஏ’ 58 கிலோ, 8 குதிரை சக்தி. இரண்டு ஆள் தூக்கணும். இன்னொரு ஜெர்மன் கம்பெனியான ஸ்டில் அதற்கு ஒரு வருஷம் முன்னால் 1926இல் செய்தது கரண்டில் ஓடுகிற செயின்சா. “முதல் செயின்சா யாருடையது” என்று இரண்டு பக்கமும் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம்.

கம்பெனி ஹாம்பர்க்கில் வளர்ந்தது. 1975இல் சாக்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி எடுத்துக்கொண்டதால் அந்தக் காலத்து மெஷின்களில் ‘சாக்ஸ்-டோல்மார்’ என்று இருக்கும். 1991இல் ஜப்பானின் மக்கிட்டா வாங்கியது. அதன் பிறகு முப்பது வருஷம் ஒரே ஹாம்பர்க் மெஷின் ஆரஞ்சு கவரில் டோல்மார், நீலக் கவரில் மக்கிட்டா. கடைசியில் மக்கிட்டா பேட்டரிப் பக்கம் முழுசாகத் திரும்பி, 2022 மார்ச் 31ஓடு பெட்ரோல் எஞ்சின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது.

உங்கள் பிஎஸ்-6400 நல்ல மெஷின், விடாதீர்கள். 6400, 7300, 7900 மூன்றும் ஒரே கிராங்க்கேஸ். ஸ்ட்ரோக் மூன்றிலும் 37 மிமீ. போர்தான் மாறும்: 47, 50, 52. சிசி கணக்கில் 64, 73, 79. பிஸ்டன் போன 6400 கையில் இருந்தால் 47 மிமீ கிட்டுக்குப் பதில் 52 மிமீ சிலிண்டர் கிட் போட்டு 7900 ஆக்கிவிடுவார்கள், கிராங்க்கைத் தொட வேண்டாம். போட்ட பிறகு கார்புரேட்டரை மறுபடி ட்யூன் பண்ணாமல் மரத்தில் வைக்கக்கூடாது. 64 சிசிக்கு வைத்த எச் ஸ்க்ரூ (முழு வேகத்தில் பெட்ரோல் அளவை வைக்கும் திருகு) 79 சிசிக்குப் பட்டினி, புது பிஸ்டன் முதல் டேங்கிலேயே சூடேறி இறுகிவிடும்.

தேடும்போது மக்கிட்டா பெயரில் டிசிஎஸ்6401, டிசிஎஸ்7901, இஏ7900பி என்று போடுங்கள். நம்பர் 038இல் தொடங்கினால் இந்தக் குடும்பம். டோல்மார் லிஸ்டிலும் மக்கிட்டா லிஸ்டிலும் அதே நம்பர்தான் இருக்கும். அமெரிக்காவில் வாடகைக் கடைகளில் ஓடித் தேய்ந்த டிசிஎஸ்6401கள் நிறைய வெளியே வந்ததால் அந்த ஊர் விற்பனையாளர்களிடம் பழைய பார்ட்ஸ் அதிகம்.

வாங்கும் முன் மஃப்ளரை (சைலன்சரை) கழற்றி டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மஃப்ளர் பக்கம் கீறல் என்றால் ஆயில் கலக்காமல் ஓட்டியது அல்லது லீன் ஆனது (காற்றுக்குத் தக்க பெட்ரோல் வராதது). அதே பக்கம் சுத்தமாக இருந்து கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. முதல் கேஸில் சிலிண்டர் சில சமயம் தப்பும், ஒட்டிய அலுமினியத்தை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். இரண்டாவதில் பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

---

பழையமெஷின் எழுதியது:

அமெரிக்கக் கதை கொஞ்சம் சிக்கல். கை மாறிய கணக்கு வைத்தால் மெக்கல்லக்கை யாரும் முந்த முடியாது.

ராபர்ட் பாக்ஸ்டன் மெக்கல்லக் 1940களில் தொடங்கிய எஞ்சின் கம்பெனி. 1949இல் வந்த 3-25 என்ற மாடல் 25 பவுண்டு எடை. அந்தக் காலத்துக்கு அது இறகு. இந்த மனிதர்தான் 1968இல் லண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, கல் கல்லாகப் பெயர்த்து அரிசோனாவின் லேக் ஹவாசு சிட்டியில் கொண்டுபோய்க் கட்டியவர். செயின்சா ஆலையையும் அந்த ஊருக்கே நகர்த்தினார். 1970களில் கம்பெனி பிளாக் அண்ட் டெக்கரிடம் போனது, பிறகு அவர்களும் விற்றார்கள், 1999இல் திவால். அப்போதுதான் பெயர் இரண்டாக உடைந்தது: ஐரோப்பிய உரிமை எலக்ட்ரோலக்ஸ் பக்கம், அமெரிக்க உரிமை தைவானின் ஜென் ஃபெங்கிடம். 2008 வாக்கில் ஜென் ஃபெங்கின் அந்தத் தொழிலையும் ஹஸ்க்வர்னா வாங்க, உடைந்த பெயர் மறுபடி ஒட்டியது.

அதனால் உங்கள் மேக் 10-10க்கு ஹஸ்க்வர்னா டீலரிடம் போய் நிற்பதில் பயனில்லை. அது 54 சிசி, ரீட் வால்வு எஞ்சின். இன்றைய மெக்கல்லக் மெஷினுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ரத்த உறவு கிடையாது. பழைய மெஷின் பிரித்து விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். ஓட்ட நினைத்தால் யோசியுங்கள்: பல 10-10களில் செயின் பிரேக்கே இல்லை. அலமாரியில் வைக்க அழகு.

இன்னொரு அமெரிக்கப் பிராண்டான ஹோம்லைட்டை வாங்கியவர்கள்: 1955இல் டெக்ஸ்ட்ரான், 1994இல் ஜான் டீர், 2001இல் ஹாங்காங்கின் டிடிஐ. ரியோபி பெயரில் கருவிகள் விற்பதும், மில்வாக்கியின் சொந்தக்காரரும் இதே டிடிஐ.

போலன் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்தது. சியர்ஸ் கடைக்குக் கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் பல வருஷம் செயின்சா செய்து கொடுத்தவர்களும் இவர்களே. பழைய கிராஃப்ட்ஸ்மேன் கிடைத்தால் மாடல் நம்பரின் முன்பகுதி 358 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போலன் செய்தது, 530இல் தொடங்கும் பார்ட் நம்பரைத் தேடலாம். இன்று கிராஃப்ட்ஸ்மேன் பெயர் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரிடம் இருக்கிறது, 2017இல் வாங்கினார்கள். ஒரு காலத்தில் மெக்கல்லக்கை வைத்திருந்து விற்றவர்கள், வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

---

மலைச்சாரல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்னும் சில சந்தேகம். ஒன்று, ஹஸ்க்வர்னா பைக் இங்கே ஷோரூமில் நிற்கிறதே, அதுவும் இந்தக் கம்பெனிதானா? இரண்டு, ஓரிகன் செயின் எல்லா மெஷினுக்கும் வருகிறது, அது ஸ்டில்லின் கம்பெனி என்று கடையில் சொன்னார்கள். மூன்று, ஓலியோ-மேக்குக்கும் சைனா மெஷினுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

டூஸ்ட்ரோக் புகை எழுதியது:

பைக் வேறு வீடு. எலக்ட்ரோலக்ஸ் 1987இல் பைக் பிரிவை இத்தாலியின் கஜீவாவுக்கு விற்றது. 2007இல் பிஎம்டபிள்யூ, 2013இல் கேடிஎம்மின் பியரர் குழு. 2020இல் நம் ஊருக்கு வந்த ஸ்வார்ட்பிலன் 250, பஜாஜ் சகன் ஆலையில் செய்தது. செயின்சாக்காரர்களுக்கு அதில் பெயர் மட்டும்தான்.

தையல் மெஷின் பிரிவு மூன்றாவது வீடு. 1997இல் பிரிந்து, 2006இல் சிங்கரோடு ஒரே குடையின் கீழ் வந்தது. 2021இல் அந்தக் குடையை வாங்கியது பிளாட்டினம் ஈக்விட்டி என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம். அதே வருஷம் அதே பிளாட்டினம் ஈக்விட்டி இன்னொன்றையும் வாங்கியது: ஓரிகன். ஆக, அந்த வருஷம் ஹஸ்க்வர்னா தையல் மெஷினும் ஹஸ்க்வர்னா செயின்சாவில் மாட்டுகிற ஓரிகன் செயினும் ஒரே முதலாளி, செயின்சா மட்டும் வேறு முதலாளி.

---

ரம்பப்பல் எழுதியது:

ஓரிகன் ஸ்டில்லுடையது இல்லவே இல்லை. நேர் எதிர். ஸ்டில் தன் செயினைத் தானே, சுவிட்சர்லாந்தின் வில் நகரில் 1974இலிருந்து செய்கிறது. ஓரிகனை நம்பி இருந்தவர்கள் மற்ற பலர்.

ஓரிகன் கதை: ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் தின்னும் வண்டுப்புழுவின் தாடை இடமும் வலமுமாக வெட்டுவதைப் பார்த்து 1947இல் ‘சிப்பர்’ செயினைக் கொண்டுவந்தார். இன்று நம் பாரில் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டில்) சுற்றுகிற பல் அதன் பேரன்தான். பிறகு ஓமார்க் என்ற பெயர், 1985இல் பிளவுன்ட் வாங்கியது, 2008இல் போட்டியாளரான கார்ல்டனையும் பிளவுன்ட் விழுங்கியது. அதற்குப் பிறகு வந்த ‘கார்ல்டன்’ செயினைத் தனி பிராண்ட் என்று நினைத்து ஒப்பிடுவது வீண். 2021இல் ‘ஓரிகன் டூல்’ என்று பெயர் மாறியது.

உங்களுக்கு வேண்டியது இந்த வரலாறு இல்லை, செயினில் அடித்திருக்கிற நம்பர். ஓரிகன் என்றால் டிரைவ் லிங்க்கில், அதாவது பார் பள்ளத்துக்குள் ஓடுகிற கண்ணியில் பாருங்கள். 91 என்றால் 3/8 பிட்ச் (அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் தூரத்தில் பாதி, இஞ்சில்) லோ புரொஃபைல் (பல் உயரம் குறைந்த வகை), .050 கேஜ் (டிரைவ் லிங்க்கின் தடிமன், இஞ்சில்). 20, 21, 22 என்றால் .325 பிட்ச், கேஜ் முறையே .050, .058, .063. 72, 73, 75 என்றால் முழு 3/8, அதே வரிசையில் கேஜ். ஸ்டில் செயினில் இரண்டு இடம் பார்க்கணும்: டிரைவ் லிங்க்கில் ஒற்றை எண் கேஜைச் சொல்லும் (3 என்றால் 1.3 மிமீ, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6), பல்லுக்கு முன்னால் இருக்கிற டெப்த் கேஜில் அடித்த எண் பிட்சைச் சொல்லும் (2 என்றால் .325, 3 என்றால் 3/8, 4 என்றால் .404, 6 என்றால் 3/8 பி, அதாவது லோ புரொஃபைல்).

எழுத்து அழிந்துபோயிருந்தால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டை எடுத்து, முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை வெர்னியரில் அளங்கள். 16.5 மிமீ வந்தால் .325. 18.6 வந்தால் 3/8. 20.5 வந்தால் .404. பாருக்கு இதே மாதிரி போல்ட் நுழையும் பள்ளத்தின் அகலத்தை அளக்கணும்: 8 மிமீ ஸ்டட் பிடிப்பது ஹஸ்க்வர்னா சின்ன மவுண்ட், ஓரிகன் பாஷையில் கே095. 9 மிமீ என்றால் பெரிய மவுண்ட் டி009, உங்கள் 2171க்கு அதுதான். ஸ்டில் பெரிய மெஷின்களில் 12 மிமீ, டி025.

அரம்: .325க்கு 4.8 மிமீ, 3/8க்கு 5.5 மிமீ. டெப்த் கேஜ் பல் நுனியைவிட 0.65 மிமீ இறக்கம்.

---

பழையமெஷின் எழுதியது:

தம்பி, அரம் விஷயத்தில் ஒரு திருத்தம். “3/8க்கு 5.5” என்று மட்டும் எழுதினால் யாராவது 91 செயினில் அதைப் போட்டுத் தேய்ப்பார்கள். லோ புரொஃபைலுக்கு 4.0 மிமீ. 5.5 ஓரிகனின் 72, 73, 75க்கு. ஸ்டில்லின் முழு 3/8க்கு 5.2. லோ புரொஃபைல் பல் உயரம் குறைவு. அதில் தடித்த அரம் ஏறி இறங்கினால் மேல்தகட்டுக்குக் கீழே கொக்கி வராது, பல் வெட்டாமல் தள்ளும், சிப்ஸுக்குப் பதில் மாவு கொட்டும்.

இன்னொன்று, அளந்தால் இரண்டு 3/8க்கும் ஒரே 18.6தான் வரும். ஆனால் லோ புரொஃபைலின் டிரைவ் லிங்க் கட்டை. முழு 3/8 ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரத்தில்) அதை ஓட்டாதீர்கள்.

---

ரம்பப்பல் எழுதியது:

சரிதான் அண்ணே, அவசரத்தில் விட்டுட்டேன்.

---

ஸ்பார்க் கேப் எழுதியது:

மீதி இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓலியோ-மேக்: இத்தாலியின் எமிலியா பகுதியில் இரண்டு போட்டிக் கம்பெனிகள், ஓலியோ-மேக், எஃப்கோ. 1992இல் இரண்டும் இணைந்து எமாக் ஆனது. இணைந்த பிறகும் இரண்டு பெயரையும் விடவில்லை, டீலர்களும் தனித்தனி. இந்த ஒரு இணைப்பில் மட்டும் பார்ட்ஸ் விஷயம் சொர்க்கம், ஏனென்றால் நம்பரிலேயே சூத்திரம் இருக்கிறது. ஓலியோ-மேக்கில் 9இல் தொடங்கும் மூன்றிலக்க மாடலை எஃப்கோவில் 1 என்று மாற்றினால் போதும்: 937 என்றால் 137, 941 என்றால் 141, 952 என்றால் 152. உங்கள் 956க்கு எஃப்கோ 156 பார்ட்ஸ் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். புதிய வரிசையில் ஜிஎஸ் 650 என்றால் எஃப்கோவில் எம்டி 6500.

எக்கோ உங்கள் பட்டியலில் இல்லை, இருந்தாலும் ஒரு வரி: கியோரிட்ஸ் (எக்கோவின் தாய்), ஷின்டைவா இரண்டும் 2008 டிசம்பரில் கைகோத்து யமபிக்கோ ஆனது. ஜப்பானிய மொழியில் யமபிக்கோ என்றால் மலையில் எதிரொலிக்கும் குரல், அதாவது எக்கோவேதான். ஷின்டைவாக்காரர்களுக்கு அந்தப் பெயர் எப்படி இனித்ததோ!

சைனா 58 சிசி: இந்த 45, 52, 58 சிசி வரிசை ஜப்பானின் செனோவா வடிவத்தை ஒட்டியது. அசல் செனோவா கொமாட்சு குழுமத்தில் இருந்தது, 2007இல் ஹஸ்க்வர்னா வாங்கியது. அதற்காக இந்த மெஷினுக்கு ஹஸ்க்வர்னா பார்ட் ஏறும் என்று அர்த்தமில்லை. இதன் பார்ட்ஸ் இதே வரிசைக்குள், எந்தப் பெயரில் விற்றாலும், மாறும். அதுதான் இதன் ஒரே பலம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது போர். 45 சிசிக்கு 43 மிமீ, 52 சிசிக்கு 45 மிமீ, 58 என்று விற்பதற்கு 45.2 மிமீ கிட் வரும். 45க்கும் 45.2க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 45 மிமீ பிஸ்டனை 45.2 சிலிண்டரில் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சூடானதும் இழுவை போய்விடும், மறுபடி இழுத்தால் கயிறு லேசாக வரும். சிலிண்டரைக் கழற்றியதும் வாய்ப்பக்கத்தை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அப்படியே ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 45.2 மிமீ போருக்குப் பரப்பு சுமார் 1605 சதுர மிமீ. 58 சிசி வர வேண்டுமென்றால் ஸ்ட்ரோக் 36 மிமீ இருக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஒரு மெல்லிய குச்சியை நேராக விட்டு, பிஸ்டன் மேலேயும் கீழேயும் இருக்கும்போது குறி போட்டு அளந்தால் ஸ்டிக்கரில் இருப்பது நிஜமா என்று தெரிந்துவிடும்.

செயின் இதற்கு .325, .058 கேஜ். 18 இஞ்சு பாருக்கு 72 கண்ணி, 20க்கு 76, 22க்கு 86. கடையில் இஞ்சு சொல்லாமல் கண்ணி எண்ணிக்கை சொல்லுங்கள்.

---

மலைச்சாரல் எழுதியது:

மிக்க நன்றி. கார்புரேட்டர் இல்லாதது அந்த 2171தான். கழற்றி விற்றுவிட்டார்கள் போலிருக்கிறது. வால்ப்ரோ, ஜாமா இரண்டில் எது? ஜாமா ஸ்டில்லுடையது என்று ஒருவர் சொல்கிறார், அப்படியானால் ஹஸ்க்வர்னாவில் எப்படி வரும்?

---

டூஸ்ட்ரோக் புகை எழுதியது:

ஜாமாவை 2008இல் ஸ்டில் வாங்கியது உண்மை. ஆனால் மற்ற கம்பெனிகளுக்கு விற்பதை நிறுத்தவில்லை. ஹஸ்க்வர்னா மெஷினைப் பிரித்தால் உள்ளே போட்டியாளனின் துணைக் கம்பெனி செய்த கார்புரேட்டர் இருக்கலாம், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஸ்டில் குடும்பக் கம்பெனி, இதுவரை யாரோடும் இணைந்ததில்லை. வாங்கியது மட்டும்தான்: 1992இல் ஆஸ்திரியாவின் வைக்கிங், பிறகு ஜாமா.

372, 2171இல் வந்தது வால்ப்ரோ எச்டி வகை. முழுக் கார்புரேட்டர் வாங்கும்போது ‘372 எக்ஸ்பி, எக்ஸ்-டார்க் அல்லாதது’ என்று சொல்லி வாங்குங்கள். எக்ஸ்-டார்க்குக்கான கார்புரேட்டரில் காற்றுக்கென்று இரண்டாவது துளை இருக்கும். இன்டேக் பக்கம் ஒரே துளை இருந்தால்தான் உங்களுடையது.

டயாப்ரம் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) கிட் வாங்கும்போது எந்த மெஷினுக்கும் மெஷின் பெயரைச் சொல்லாதீர்கள். கார்புரேட்டர் உடம்பில் பொறித்த எழுத்தைச் சொல்லுங்கள். டபிள்யூடி, எச்டி, எச்டிஏ என்றால் வால்ப்ரோ. சி1எம், சி1கியூ, சி3ஏ என்றால் ஜாமா. எச்எஸ், எச்எல் என்றால் டில்லட்சன். ஒரே மாடல் மெஷின் ஒரு வருஷம் வால்ப்ரோவோடும் அடுத்த வருஷம் ஜாமாவோடும் வந்திருக்கும்.

---

ஸ்பார்க் கேப் எழுதியது:

டயாப்ரம் பேச்சு வந்ததால்: இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த மெஷின்களின் கையேடுகள் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. பழைய டயாப்ரமும் ஃபியூல் லைனும் முதலில் விறைக்கும், பிறகு விரிசல் விடும். மெஷினை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட விடுங்கள். 2டி ஆயில் 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. ஆறு மெஷினுக்கும் ஒரே கேனில் கலக்காதீர்கள். 10-10க்கும் சைனா மெஷினுக்கும் 1:25 தனிக் கேன் வைத்து, கேன் மேலே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். பிளக் 2171க்கு என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ, கேப் 0.5 மிமீ.